மலைப்பாதையில் முதல் உரிமை யாருக்கு?

வரும் விடுமுறையில் நம் மன்றத்தின் சார்பில் சாந்தன்பாறை மலைகளில் மிதிவண்டிப் பயணம் ஒன்று நடத்தலாம் என்று உறுப்பினர் சிலர் விரும்புகின்றனர். கூடாது என்போரும் உளர். வேண்டும் என்பவர்கள் இளமை, வீரம், இயற்கை இன்பம் என்று பேசினார்கள். வேண்டாம் என்பவர்கள் யானை, பள்ளம், பெற்றோரின் கவலை என்று பேசினார்கள். சென்ற கூட்டத்தில் இரு சாராரும் குரலை உயர்த்தி வாதாடியதைப் பின் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரப் பேச்சில் ஒருவர்கூடச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்த மலையில் ஆள்கள் இருக்கிறார்கள். அவர்கள் நாள்தோறும் அந்தப் பாதைகளில் நடக்கிறார்கள் என்பதே அது.

நான் போடிநாயக்கனூரில் பிறந்தவன். வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் எங்களுக்கு வானத்தில் பாதி மலைதான். பள்ளியில் கொடுத்த சைக்கிளிலும், சென்ற ஆண்டு நண்பரொருவரிடம் இரவல் வாங்கிய மலைச் சைக்கிளிலும் போடிமெட்டுக்கு அப்பால் சுற்றியிருக்கிறேன். ஆகவே இது பற்றிக் கருத்துக் கூறச் சிறிது உரிமை எனக்கு உண்டு என்று எண்ணுகிறேன். போகலாம் என்பதே என் கட்சி. ஆனால் போக விரும்பும் நண்பர்கள் மனத்தில் வைத்திருக்கும் பயணம் வேறு. நான் சொல்லும் பயணம் வேறு.

இடத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. சற்று இறங்கினால் பூப்பாறை. அங்கிருந்து மூணாறு-குமுளிச் சாலையில் தெற்கே திரும்பினால் சாந்தன்பாறை. கடைத்தெரு ஒன்று, தேவாலயமும் கோயிலும், மலைச்சரிவெங்கும் மர நிழலில் ஏலச்செடி, ஆனையிறங்கல் பக்கம் தேயிலை. மேலே முகடுகளில் காற்று ஓயாத புல்வெளி. முகடுகளின் மடிப்புகளில் ஈரம் உலராத சோலைக்காடு. கிழக்கு விளிம்பில் சதுரங்கப்பாறை என்ற மேட்டில் நின்றால் தேனிச் சமவெளி முழுதும் காலடியில் விரிகிறது. இத்தனைக்கும் நடுவே மதிகெட்டான் சோலை. உள்ளே போனவன் வழி தெரியாமல் மதி மயங்கிவிடுவான் என்பதால் வந்த பெயர் என்பர். 2002-இல் ஆக்கிரமிப்பு பற்றிய பெருங்கிளர்ச்சிக்குப் பின், 2003-இல் 12.82 சதுரக் கிலோமீட்டர் கொண்ட இக்காடு தேசியப் பூங்கா ஆயிற்று. நம் நண்பர் சிலர் இந்தச் சோலைக்குள்ளேயே ஓட்டலாம் என்று திட்டமிட்டிருப்பதாகக் கேள்வி. அனுமதியின்றிக் கால் வைப்பதே அங்கே குற்றம். சக்கரம் வைப்பதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பெயர்க் காரணத்தை மெய்ப்பிக்க அவர்கள் விரும்பினால் வேறு வழி பார்க்கட்டும்.

நிற்க. மலைச் சைக்கிள் என்பது யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் பேசியவர்களில் பலர் அதைத் தொட்டதில்லை. கடைக்காரர் ‘மவுண்டன் பைக்’ என்பார். பருத்த டயர், அதில் கட்டை கட்டையாய்ப் பிடிப்பு, முன்சக்கரத்தின் மேல் அதிர்ச்சி தாங்கும் குழாய், எத்தனை ஈரத்திலும் பிடிக்கும் வட்டத்தட்டுப் பிரேக், செங்குத்து ஏற்றத்துக்கும் மிதிக்கத்தக்க பல்சக்கரங்கள். இது பெரிய தொழிற்சாலைகளின் மூளையில் பிறந்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பைஸ் மலையின் சுற்றுவட்டத்தில், பழைய தடித்த டயர்ச் சைக்கிள்களைக் குப்பையிலிருந்து பொறுக்கி மலையிறக்கத்தில் ஓட்டிய இளைஞர்களின் விளையாட்டு அது. 1976 அக்டோபரில் அவர்கள் பந்தயம் வைத்த மலைவழி, ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டருக்குள் 1,300 அடி இறங்குகிறது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்கில் இருந்த கிரீஸ் அந்த ஒரே இறக்கத்தில் காய்ந்து புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாய் அடைக்க வேண்டும். அதனால் அவ்வழிக்கு ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைத்தல், என்றே பெயர் நிலைத்தது. இருபதே ஆண்டில், 1996-இல், அந்த விளையாட்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஏறிவிட்டது. நமக்கும் அது தொலைவில் இல்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி திருவனந்தபுரத்துப் பொன்முடியில்தான் நடைபெற்றது.

ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இன்பம் மெய்யானது. ஏலக்காட்டு மண் சாலையில் மழை விட்ட காலையில் இறங்கும்போது, காதில் காற்று, மூக்கில் ஈர மண்ணும் ஏலமும் கலந்த மணம், கண்ணெதிரே பத்து அடிக்கு ஒரு புதிய தீர்ப்பு. கல்லா, வேரா, வழுக்கலா? உடம்பும் அறிவும் ஒன்றாய் வேலை செய்யும் நேரம் நம் வகுப்பறையில் எத்தனை முறை வாய்க்கிறது? ஜீப்பில் ஏறி, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாட்டை முழக்கிக்கொண்டு மலை பார்க்கப் போகிறவர்களுக்கு இது விளங்காது. அட்டை கடித்துக் காலுறை சிவந்து போவதும் இதில் சேர்த்திதான். உப்பும் புகையிலையும் கட்டிய துணியை உள்ளூர்க்காரர் கொடுத்தால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே ‘இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு’ என்று கையை விரித்துவிடும் நண்பர்களோடு நான் சேரமாட்டேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்களே, அவர்களைப் பார்த்தும் முதலில் சிரித்தவர்கள் இருந்தார்கள். சைக்கிள் யார் கையில், எந்தப் பாதையில் என்பதைப் பொறுத்தே அதன் குணம்.

அந்தப் பாதைக்கு இப்போது வருகிறேன்.

போடி மலைக்கும் மேல் மலைக்கும் இடையே வழி என்பது முதலில் கால்நடையும் மனிதரும் தேய்த்துப் போட்டது. பிறகு தோட்டக்காரர்கள் வந்தார்கள். மூணாறிலிருந்து தேயிலையை வெளியே கொண்டுவர 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி ஓடிற்று. 1908-இல் அதுவே சிறு இரயிலாயிற்று. டாப் ஸ்டேஷன் முனையிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழியில் பெட்டிகள் இறங்கின. அங்கிருந்து போடிக்கு வந்தன. 1924-இன் பெருவெள்ளம், மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று இன்றும் நினைவுகூர்வது, அந்த இரயிலை வாரிக்கொண்டு போயிற்று. இவ்வளவு பொறியியலும் பெரும்பாலும் தேயிலைப் பெட்டிக்காக. தோட்டத்தில் உழைத்தவர்கள் நடந்தே ஏறினார்கள், நடந்தே இறங்கினார்கள். 1956 நவம்பரில் மாநில எல்லை வரையப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று நம் முன்னோர் மேடைதோறும் வாதாடினர். எல்லை எந்தப் பக்கம் விழுந்தாலும் கூலிக்குப் போகிறவரின் கால் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

இன்றும் அப்படியே. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, ஏலக்காய் எடுக்கவும் களை வெட்டவும் மெட்டுக்கு மேலே போகிறவர்கள் ஏராளம். அவர்களில் பெண்களே மிகுதி. ஜீப் இறக்கிவிடும் இடத்திலிருந்து தோட்டத்துக்குள் போவது ஒற்றையடிப் பாதை. இந்த வாழ்க்கையை அறியாத நண்பர்கள் லெனின் பாரதி எடுத்து 2018-இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தைப் பார்க்கலாம். ஏலமூட்டை சுமந்து மலையிறங்கும் ஒரு மனிதன் கையகல நிலத்துக்கு ஏங்கும் கதை அது. எங்கள் ஊரில் அதைப் படமென்று பார்த்தவர்கள் குறைவு. தம் அப்பனைப் பார்த்ததாகவே சொன்னார்கள்.

அதே ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. மலையேற்றம் வந்த சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்களும் பெண்களும் அதில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே கண்ணீர் வடித்தது, வடிக்கத்தான் வேண்டும். அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2020 மார்ச்சில், கொரோனா அச்சத்தால் போக்குவரத்து நின்று எல்லை அடைபட்ட நாள்களில், கேரளத்து ஏலத்தோட்டத்திலிருந்து ராசிங்காபுரத்துக்குக் காட்டுப்பாதை வழியே நடந்து திரும்பிய தொழிலாளர்களையும் தீ சூழ்ந்தது. ஒரு சிறு குழந்தை உள்ளிட்ட சிலர் வெந்து மடிந்தனர். குரங்கணியைப் பற்றி நம் கூட்டத்தில் மூவர் பேசினர். ராசிங்காபுரத்தின் பெயர் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. பொழுதுபோக்குக்கு நடந்தவரின் பாதை நமக்கு நினைவிருக்கிறது. பிழைப்புக்கு நடந்தவரின் பாதை நினைவில்லை. நான் எழுத உட்கார்ந்ததற்கு இதுவே காரணம்.

சென்ற ஆண்டு ஆவணி மாதம், சாந்தன்பாறைக்குச் சற்று வடக்கே ஒரு தோட்டத்தின் ஓரம் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். எதிரே நகரத்துக் குழுவொன்று, ஐந்தாறு பேர், தலைக்கவசமும் முழங்கால் கவசமுமாய் மலையிறங்கினர். வளைவுக்கு வளைவு மணியை அடித்தனர். வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. பாதையில் நான்கு பெண்கள் காய்ச் சாக்கைத் தலையில் வைத்து வந்துகொண்டிருந்தார்கள். மணி கேட்டதும் நால்வரும் சரிவில் தாவி ஏலத்தட்டைகளைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒரு சாக்கு உருண்டு போயிற்று. இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தனர், நன்றி சொன்னார்களாம்! சாக்கை எடுத்துக் கொடுக்கப் போன என்னிடம் மூத்தவர், “தம்பி, மணி அடிச்சா நாங்க எங்கிட்டுப் போறது? அங்கிட்டுப் பள்ளம், இங்கிட்டு முள்ளு. தலையில முப்பது கிலோ. காலுல ரெக்கையா இருக்கு?” என்றார். “நீங்க எந்த ஊர் அக்கா?” என்றேன். “தேவாரம். நீயும் நம்ம பக்கந்தான் போல. உம்ம கூட்டாளிகளுக்குச் சொல்லு” என்றார். அவர்கள் என் கூட்டாளிகள் அல்லர் என்று சொல்ல வாயெடுத்தேன். சைக்கிள் கையில் இருக்கும்போது அது எடுபடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த அக்கா சொன்னபடி இப்போது சொல்லிவிட்டேன்.

பாதையைப் பங்கிடுவது முடியாத செயலன்று. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர், எக்ஸ்மூர் என்று புல்லும் புதரும் சதுப்புமாய்க் கிடக்கும் மேட்டு நிலங்கள் உள்ளன. அவற்றைக் கிழித்துக்கொண்டு மரம் அடர்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகள் ஓடுகின்றன. நம் மலைக்குத் தூரத்து உறவு எனலாம். குளிர் மட்டும் கூடுதல். அந்நாட்டில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. ஆனால் அதே வரியில் ஒரு நிபந்தனையும் வைத்தது: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். நடப்பவர்க்கு மட்டுமேயான ஒற்றையடிப் பாதைகளுக்கு அந்த உரிமை நீளவில்லை. மலைச் சைக்கிள் பிறப்பதற்கு முன்பே எழுதிய சட்டம் இது! எவரும் அதனால் விளையாட்டை இழக்கவில்லை. நமக்கோ இத்தகைய சட்டம் இல்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழிகள் நடப்பவர்க்கென வகுத்தவை. அவற்றில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாய்ப் பயிற்சி பெற்று அமர்ந்தது நல்ல செயல். சைக்கிளுக்கும் அதுபோல் ஒழுங்கு வரும்வரை நாமே நமக்குச் சட்டம் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

வழிவிடுவதென்றால் மணி அடிப்பதன்று. ஆளைக் கண்டதும் இறங்கி, பள்ளத்துப் பக்கம் நாம் ஒதுங்கி, சாக்கு கடந்து போகும்வரை நிற்பது. இதில் ஓட்டத்தின் இன்பம் அறுபடும் என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். அறுபடட்டும். அவர்களுடைய கூலி நாள் அறுபடுவதைவிட அது சிறிய இழப்பே.

அடுத்து மேட்டுப் புல்வெளி. படத்தில் பார்த்தால் அது சைக்கிளுக்கென்றே விரித்த கம்பளம் போலிருக்கும். நம் நண்பர்கள் ஆசைப்படுவதும் அதற்குத்தான். அதில் ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2022 அக்டோபரில் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்துப் பரந்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் ஏறினர். இறங்கும்போது பிளாஸ்டிக் புட்டிகளையும் பைகளையும் மலைக்கே விட்டு வந்தனர். குறிஞ்சி என்றவுடன் கபிலரை நினைக்கும் தமிழ் மாணவர் நாம். அந்தச் செடியின் வாழ்வை எத்தனை பேர் அறிவோம்? பன்னிரண்டு ஆண்டில் ஒரே முறை பூக்கும், விதை உதிர்க்கும், பட்டுப்போகும். உதிர்ந்த விதையிலிருந்து எழும் கன்றுகள் இப்போது அந்தச் சரிவில் புல்லோடு புல்லாய், பெயர் தெரியாமல் நிற்கின்றன. பூக்கும்போது பறித்தால் தண்டனை என்று 2023-இல் மத்திய அரசு பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது, பறிப்பவனைப் பிடிக்கலாம். பூவே இல்லாத இந்த ஆண்டுகளில் டயரில் கன்றை நசுக்கிவிட்டுப் போகிறவனை யார் பிடிப்பது? 2034-இல் அந்த இடம் பூக்காதபோது, காரணம் நாம் என்று எவருக்கும் தெரியாது.

அறிவியல் கற்கும் நண்பர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு, சைக்கிள் டயர் மண்ணுக்குச் செய்யும் கேடு நடப்பவரின் செருப்புச் செய்வதைவிட மிகுதியன்று என அயல்நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றனவே என்றார். உண்மை, 1990-களில் அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று குதிரைக் குளம்பே அதிக மண்ணைப் பெயர்க்கிறது என்று கண்டது. ஆனால் அவை இருக்கின்ற பாதையைப் பற்றியவை. பாதையே இல்லாத சரிவில் முதல் கோட்டைக் கிழிப்பது வேறு. அதிலும் இறக்கத்தில் அஞ்சிப் பின்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சுழலாமல் உழுதுகொண்டு போகும். அந்த உழவு நேர்கீழாக ஓடும். அடுத்த இடவப்பாதி மழை தனக்கு யாரோ வாய்க்கால் வெட்டித் தந்ததாக எண்ணி அதிலேயே இறங்கும். மூன்று மழையில் கோடு ஓடையாகும். இந்தப் புல்லும் சோலையும் உறிஞ்சி வைத்துச் சொட்டுச் சொட்டாய் விடும் நீர்தான் பன்னியாறாய் ஓடுகிறது. ஏலத்தோட்டம் போட்டவர்கள் காட்டின் கீழ்ச்செடிகளை அழித்துவிட்டார்கள், மருந்தடித்தே மண்ணைக் கொன்றுவிட்டார்கள், நம் ஒரு சைக்கிள் கோடா பெரிது என்று கேட்கலாம். பெரிதன்றுதான். எஞ்சியிருப்பதும் பெரிதன்று என்பதால் கேட்கிறேன்.

யானையைப் பற்றி இரு வார்த்தை. சாந்தன்பாறை, சின்னக்கானல் என்றாலே செய்தித்தாள் படிப்பவருக்கு அரிக்கொம்பன் நினைவு வரும். அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்த அந்த யானையை 2023 ஏப்ரல் 29-இல் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோயிற்று. அது போயிற்றே தவிர மற்ற யானைகள் போகவில்லை. ஆனையிறங்கல் என்று ஊருக்குப் பெயரிட்டவர்கள் வேடிக்கைக்கு இடவில்லை. சைக்கிளுக்கு இதில் தனி ஆபத்து ஒன்றுண்டு. கூட்டத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஜீப் வரும் ஓசை யானைக்குத் தெரியும். நடப்பவன் மெல்ல வருகிறான். மலைச் சைக்கிளோ ஓசையின்றி வேகமாய் வருகிறது. வளைவில் திரும்பினால் இருவருக்கும் ஒரே நேரத்தில் அதிர்ச்சி. 2016 ஜூனில் அமெரிக்காவின் மொன்டானாவில், காட்டை நன்கறிந்த வனத்துறை ஊழியர் ஒருவர் சைக்கிளில் வளைவு திரும்பி, எதிரே நின்ற கரடியின் மேலேயே மோதி, அதனால் கொல்லப்பட்டார். காட்டை நன்கறிந்தவருக்கே அந்தக் கதி. பன்னியார் எஸ்டேட் பக்கம் யானையைப் பார்த்து எச்சரிக்கும் காவலர் ஒருவரே 2023 ஜனவரியில் யானையால் உயிரிழந்தார். ஆகவே பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதும், காலை மூடுபனியில் ஓட்டுவதும் வீரமன்று. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் அறிவிக்கும் முறை பல ஆண்டுகளாய் உயிர்களைக் காத்து வருகிறது. சாந்தன்பாறையில் நமக்கு விளக்கு, டீக்கடைக்காரர்தான். கட்டன் சாயா குடிக்க உட்கார்ந்தால், நேற்றிரவு எந்தப் பக்கம் இறங்கிற்று என்று கேளாமலே சொல்லிவிடுவார்.

எனவே பயணம் எப்படி அமையலாம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 2023 ஜூன் 15 முதல் சென்னையிலிருந்து போடிக்கு மறுபடி இரயில் ஓடுகிறது; அகலப்பாதைக்காகப் பல ஆண்டு நின்றிருந்த வழி அது. சைக்கிள்களை அதில் ஏற்றலாம். போடிமெட்டுச் சாலையில் மட்டும் ஓட்ட வேண்டாம். மூணாறு வரை சாலையை அகலப்படுத்திய பிறகு கார்களின் வேகம் கூடிவிட்டது. சிறு லாரியில் மேலே கொண்டுபோய், சாந்தன்பாறையில் தங்கி, பஞ்சாயத்துச் சாலைகளிலும், தோட்ட உரிமையாளரிடம் முன்கூட்டியே இசைவு பெற்ற மண் சாலைகளிலும் ஓட்டலாம். வேலைக்கு வருகிறவர்கள் தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தபின் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, அவர்கள் இறங்கத் தொடங்குமுன் மூன்று மணிக்கு நிறுத்திவிட வேண்டும். வழிகாட்ட உள்ளூர்க்காரர் ஒருவர். அவருக்குத் தோட்டக் கூலிக்குக் குறையாத கூலி. புல்வெளிக்கு ஆசைப்படுகிறவர்கள் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, இருக்கின்ற பாதையில், அனுமதியுள்ள மேட்டுக்கு நடந்து போகட்டும். சதுரங்கப்பாறையின் காற்று சைக்கிள்காரனுக்கென்று தனியாய் வீசுவதில்லை.

செயற்குழுவின் வரைவுச் சுற்றறிக்கையில் ‘சொந்த மலைச் சைக்கிள் உள்ளவர் மட்டும் பெயர் கொடுக்கலாம்’ என்றொரு வரி இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட வேண்டும். ஒரு நல்ல மலைச் சைக்கிளின் விலை ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல மாதக் கூலி; தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் இங்கே படிக்க வந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் அது இருக்கும்? பத்துச் சைக்கிளை வாடகைக்கு எடுத்து இருபது பேர் போகலாம். பாதி வழி ஒருவர் ஓட்ட மற்றவர் நடந்து வரலாம், மறுபாதியில் மாறிக்கொள்ளலாம். பின்னால் மணி அடித்தால் எங்கிட்டுப் போவது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். வரும் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.